பார்டோக் கையில் இருக்கிறது: அடுத்தது ஏபெக்ஸா, கிளாக்கா, ஆர்-2-ஆரா?

எனக்கு வந்த கேள்வியின் சுருக்கம் இது. 2019-இல் வாங்கிய டி.சி.எஸ். நிறுவனத்தின் பார்டோக் டாக், அதாவது டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி. பெரும்பாலும் நெட்வொர்க் வழியாக ஸ்ட்ரீமிங், எப்போதாவது லேப்டாப்பிலிருந்து யு.எஸ்.பி. பேலன்ஸ்டு கேபிளில் ஒரு இன்டக்ரேட்டட் ஆம்ப், தரையில் நிற்கும் ஸ்பீக்கர்கள், 15-க்கு 12 அடி அறை. இனி என்ன செய்யலாம்? டி.சி.எஸ்.ஸின் புதிய ஏபெக்ஸ் போர்டு மாற்றிக்கொள்வதா, டாக்குக்கு நேரம் சொல்லும் ரோசினி கிளாக்கைத் தனியாக வாங்கிச் சேர்ப்பதா, இருப்பதை விற்றுவிட்டு ஹோலோ மே மாதிரி ரெசிஸ்டர் ஏணியால் இயங்கும் ஆர்-2-ஆர் டாக் ஒன்றுக்குப் போவதா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளாக் வேண்டாம். ஆர்-2-ஆர் பக்கம் போவது மேம்பாடு அல்ல, ருசி மாற்றம். ருசி பிடித்தால் போகலாம். ஏபெக்ஸ் உண்மையான மேம்பாடுதான், ஆனால் உங்கள் அறையில், உங்கள் ஆம்ப்பில் அது காதுக்கு எட்டுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதற்கும் முன்னால், பைசா செலவில்லாமல் செய்ய வேண்டிய சில வேலைகள் பாக்கி இருக்கும் என்று நினைக்கிறேன். பத்து லட்சத்தைத் தாண்டிய பெட்டியை வாங்கியவர்களில் பலர் அதன் மெனுவை ஒரு தடவைகூட முழுசாகத் திறந்து பார்த்ததில்லை.

டாக் என்றதும் எல்லாரும் சிப் பெயரில் ஆரம்பிப்பார்கள். சிப் இன்று ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டால் ஏன் என்று தெரியும். 2 வோல்ட் அவுட்புட் தரும் டாக்கில் 24 பிட்டின் கடைசி பிட்டுக்கு உரிய வோல்டேஜ் சுமார் 0.34 மைக்ரோவோல்ட். அறை வெப்பத்தில் ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் எதோடும் இணையாமல் சும்மா கிடந்தாலே, 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்குமான பட்டையில் 0.57 மைக்ரோவோல்ட் அளவுக்கு இரைச்சல் உண்டாக்கும். அதாவது கடைசி பிட்டைவிட அந்த ஒற்றை ரெசிஸ்டரின் இரைச்சல் பெரிது. அதனால்தான் 24 பிட், 32 பிட் என்று பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும், உலகத்தின் மிகச் சிறந்த டாக்குகள்கூட 20, 21 பிட் அளவில் நின்றுவிடுகின்றன. சி.டி.யின் 16 பிட்டுக்கு ஏட்டுக் கணக்கில் வரும் எல்லை 98 டெசிபல். இன்று டாப்பிங், எஸ்.எம்.எஸ்.எல். போன்ற சீன நிறுவனங்களின் விலை மலிவான பெட்டிகளே இரைச்சலையும் சிதைவையும் சேர்த்துக் கணக்கிட்டு 120 டெசிபலைத் தாண்டுகின்றன.

சிப்பின் மேல் உள்ள பக்திக்கு நல்ல சோதனை 2020 அக்டோபரில் வந்தது. ஜப்பானின் நோபெயோகாவில் இருந்த ஏ.கே.எம். சிப் ஆலை தீப்பிடித்து எரிந்தது. அந்தச் சிப்களை நம்பியிருந்த நிறுவனங்கள் எல்லாம் அவசர அவசரமாகப் போட்டி நிறுவனமான இ.எஸ்.எஸ்.ஸின் சிப்பை வைத்து மறுபடி வடிவமைக்க வேண்டியதாயிற்று. டாப்பிங் டி90 அப்படித்தான் டி90எஸ்.இ. ஆனது. 'ஏ.கே.எம். வெல்வெட் மாதிரி இருக்கும், இ.எஸ்.எஸ். கூசும்' என்று அதுவரை சத்தியம் செய்தவர்கள் உண்டு. இ.எஸ்.எஸ். சிப்பின் பேரில் சொல்லப்பட்ட குறை ஒன்று மெய்தான்: நடுத்தர ஒலி அளவில் இன்டர்மாடுலேஷன் சிதைவு (இரண்டு சுரங்கள் கலந்து இல்லாத சுரம் உண்டாவது) கொஞ்சம் மேலே எழும். ஆனால் அதன் காரணம் சிப்பைச் சுற்றிப் போட்ட கரண்ட்-டு-வோல்டேஜ் பகுதி. அதைச் சரியாகப் போட்ட டாக்குகளில் அந்த மேடு காணாமலே போய்விட்டது. சிப்பை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள அனலாக் பகுதி, கரண்ட் சப்ளை, கிரவுண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

உங்கள் பார்டோக்கில் கடையில் வாங்கும் டாக் சிப்பே கிடையாது. டி.சி.எஸ். கேம்பிரிட்ஜில் 1987-இல் தொடங்கிய நிறுவனம். ஆரம்ப கால வேலை ராடார் போன்ற ராணுவ, தொலைத்தொடர்புத் துறைக்கான கன்வர்ட்டர்கள். அவர்களுடைய ரிங் டாக்கில் சமமான கரண்ட் தரும் 48 கரண்ட் சோர்ஸ்கள் இருக்கின்றன. எத்தனை கவனமாகச் செய்தாலும் அந்த 48-ம் அச்சாக ஒன்றுபோல இருக்காது. ஒன்று மயிரிழை கூட, ஒன்று மயிரிழை குறைய. ஒரே சோர்ஸ் எப்போதும் ஒரே வேலையைச் செய்தால் அதன் பிழை இசையோடு ஒட்டிக்கொண்டு சிதைவாகக் கேட்கும். எனவே எஃப்.பி.ஜி.ஏ. என்ற, உள்ளமைப்பை மாற்றி எழுதக்கூடிய சிப்பில் ஓடும் மேப்பர் என்ற மென்பொருள், எந்த நொடியில் எந்தச் சோர்ஸைக் கூப்பிடுவது என்பதைக் கலைத்துக் கலைத்துப் போடுகிறது. சப்பரம் தூக்குகிறவர்களில் குட்டையும் நெட்டையும் கலந்திருந்தாலும், அடிக்கடி தோள் மாற்றிக்கொண்டே போனால் சப்பரம் ஒரு பக்கமாகச் சாயாது. லேசாக ஆடுவதோடு சரி. அதுபோலச் சிதைவாக வந்திருக்க வேண்டியது மெல்லிய இரைச்சலாகக் கரைந்து, அந்த இரைச்சலும் காதுக்கு எட்டாத உயர் அலைவரிசைக்குத் தள்ளப்படுகிறது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. மேப்பர் என்பது மென்பொருள். அதை மாற்றினால் டாக்கே மாறுகிறது. பார்டோக்குக்கு வந்த 2.0 மென்பொருள் இலவசம். அதில் கூடுதல் மேப்பரும், இசையை டி.எஸ்.டி. என்ற ஒற்றை பிட் வடிவில் இரட்டை வேகத்துக்கு உயர்த்தும் அப்சாம்ப்ளிங்கும் வந்தன. நீங்கள் அதை ஏற்றிவிட்டீர்களா என்று கேள்வியில் இல்லை. ஏற்றவில்லை என்றால் மற்ற பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். இப்படி மென்பொருளால் வயது கூடும் டாக்குகள் இன்னும் சில உண்டு. அமெரிக்காவின் பி.எஸ். ஆடியோ 2014-இல் டைரக்ட்ஸ்ட்ரீம் என்ற டாக்கைக் கொண்டுவந்து, அடுத்த பல ஆண்டுகளுக்கு இலவசமாகவே புதுப் புது ஃபர்ம்வேர் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் கொலராடோவின் மலைச் சிகரங்களின் பெயர்: யேல், ஹூரான், ஸ்னோமாஸ், வின்டம். பெட்டி அதே பெட்டி. ஷீட் நிறுவனத்தின் இக்ட்ராசிலில் போர்டைக் கழற்றி வேறு போர்டு செருகலாம். மேம்படுத்தும் எண்ணம் உள்ளவர்கள் புதிதாக வாங்கும்போதே இப்படிப்பட்டதைப் பார்த்து வாங்குவது நல்லது.

எல்லாப் புது வசதியும் நிலைப்பதில்லை என்பதற்கும் உதாரணம் உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. எம்.க்யூ.ஏ. என்ற ஆடியோ கோப்பு வடிவம் வேண்டும் என்பதற்காகவே டாக்கை மாற்றியவர்கள் நிறையப் பேர். 2023-இல் எம்.க்யூ.ஏ. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது, லென்புரூக் என்ற நிறுவனம் அதை வாங்கியது, 2024-இல் ஸ்ட்ரீமிங் சேவையான டைடல் எம்.க்யூ.ஏ.யைக் கைவிட்டுச் சாதாரண ஃப்ளாக்குக்கு வந்துவிட்டது. பார்டோக்கில் அந்த வசதி இன்னும் இருக்கிறது, ஓட்டுவதற்குத்தான் பாட்டு அநேகமாக இல்லை.

இப்போது ஏபெக்ஸ். 2022-இல் டி.சி.எஸ்.ஸின் மேல்நிலை டாக்குகளான ரோசினிக்கும் விவால்டிக்கும் முதலில் வந்து, 2023-இல் பார்டோக்குக்கும் வந்தது. ரிங் டாக்கின் அனலாக் போர்டை மறுபடி வடிவமைத்திருக்கிறார்கள். இரைச்சல் குறைந்ததாகவும் லீனியாரிட்டி (உள்ளே போனதற்கு நேர்விகிதமாக வெளியே வருவது) 12 டெசிபலுக்கு மேல் முன்னேறியதாகவும் நிறுவனம் சொல்கிறது. இந்த எண்ணை நான் சந்தேகிக்கவில்லை. மாற்றம் சரியான இடத்தில், அனலாக் பகுதியில்தான் நடந்திருக்கிறது. நான் கேட்பது வேறு. ஏற்கெனவே அடியில் கிடந்த சிதைவு இன்னும் அடிக்குப் போகிறது. அதற்கு மேலே உங்கள் ஆம்ப் இருக்கிறது, அதற்கும் மேலே ஸ்பீக்கர். நல்ல ஸ்பீக்கரே உரத்த பாஸில் ஒரு சதவீதம் வரை சிதைவு தரும். டெசிபலில் சொன்னால் இசைக்கு 40 டெசிபல் கீழே. டாக்கின் சிதைவு 100 டெசிபலுக்கும் கீழே. இந்த இடைவெளியைத் தாண்டி ஏபெக்ஸின் பலன் உங்கள் சோபாவுக்கு வந்து சேர வேண்டும். தம்புராவின் மீட்டல் அடங்கிக் கரைகிற கடைசி நொடி, மண்டபத்தில் பதிவான கச்சேரியில் பாடகர் நிறுத்திய பிறகு மிச்சமிருக்கும் எதிரொலி போன்ற இடங்களில் அது கேட்கலாம். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் நிச்சயம் கேட்காது.

கிளாக் விஷயத்தில் மட்டும் எனக்கு ஊசலாட்டம் இல்லை. டிஜிட்டல் சாம்பிள்கள் ஒவ்வொன்றும் துல்லியமான நேரத்தில் அனலாகாக மாற வேண்டும். அந்த நேரம் தடுமாறுவதுதான் ஜிட்டர். பழைய சி.டி. டிரான்ஸ்போர்ட்டிலிருந்து ஒற்றைக் கேபிளில் டேட்டாவும் கிளாக்கும் கலந்து வந்த காலத்தில் அது நியாயமான கவலை. நீங்கள் கேட்பது நெட்வொர்க்கிலும் அசின்க்ரனஸ் யு.எஸ்.பி.யிலும். இரண்டிலுமே டேட்டா வந்து ஒரு பஃபரில் தங்குகிறது, டாக்குக்குள் இருக்கும் கிரிஸ்டல்தான் அதை எடுத்து எடுத்து விடுகிறது. கேபிள் வழியாக வந்த நேரம் அங்கேயே செத்துவிடுகிறது. இப்படி உள்ளேயே, கன்வர்ட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிரிஸ்டலை ஓரங்கட்டிவிட்டு, வெளியிலிருந்து ஒரு மீட்டர் கேபிளில் வரும் கிளாக்கோடு பி.எல்.எல். என்ற சுற்றைப் போட்டுப் பூட்டுகிறோம். நல்ல கிளாக்காக இருந்தால் பாதகமில்லாமல் முடியும். சாதகம் எங்கிருந்து வரும்?

காதின் எல்லையையும் பார்க்க வேண்டும். 1998-இல் டால்பி ஆய்வாளர்கள் செய்த கேட்புச் சோதனையில், இசையில் ஜிட்டர் தெரிய ஆரம்பித்தது 20 நானோ நொடியளவில். 2005-இல் ஜப்பானில் நடந்த ஆய்வில் அது சில நூறு நானோ நொடி. இன்றைய ஒழுங்கான டாக்கின் ஜிட்டர் பிக்கோ நொடிகளில் இருக்கிறது, ஆயிரத்தில் ஒரு பங்கு. தனிக் கிளாக்குக்கு உண்மையான தேவை எங்கே என்றால், ஸ்டூடியோவிலும், டிரான்ஸ்போர்ட், அப்சாம்ப்ளர், டாக் என்று தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும் விவால்டி மாதிரி அடுக்குகளிலும். எல்லாப் பெட்டியும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டுமே. உங்களிடம் இருப்பது ஒரே பெட்டி. சிலர் ஆன்லைனில் விற்கும் 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை வாங்கிக் கொள்ளலாமா என்று கேட்பார்கள். அது பார்டோக்கில் வேலையே செய்யாது. அதன் சாக்கெட் எதிர்பார்ப்பது 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் வேர்ட் கிளாக்கை. 10 மெகாஹெர்ட்ஸை ஏற்கும் மற்ற டாக்குகளிலும் ஒரு முரண் இருக்கிறது: சி.டி. குடும்பத்துக்கு வேண்டியது 44.1 கிலோஹெர்ட்ஸின் மடங்கான 22.5792 மெகாஹெர்ட்ஸ். 10-லிருந்து அந்த எண்ணுக்குப் போக மறுபடியும் ஒரு சின்தசைசர் வேண்டும், அதன் இரைச்சலும் கூடவே வரும்.

ஆர்-2-ஆர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதில்தான் அதிகமான ஆசையும் அதிகமான புரளியும். மேல்மூடியைக் கழற்றினால் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான சின்ன ரெசிஸ்டர்கள் தெரியும், பார்க்கவே அழகு. இரண்டே மதிப்புகள், ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு பிட்டும் ஏணியின் ஒரு படியைத் திறந்து மூடுகிறது. தத்துவம் எளிது, செய்வது கடினம். 16 பிட் சரியாக வர, மேல் படியின் ரெசிஸ்டர் 0.0015 சதவீதத் துல்லியத்தில் இருக்க வேண்டும். நல்ல விலை கொடுத்து வாங்கும் 0.01 சதவீத ரெசிஸ்டர் 13 பிட்டுக்குத்தான் தாங்கும். மிச்சத்தைத் திருத்துவதில்தான் ஒவ்வொரு நிறுவனத்தின் கைவேலையும் தெரிகிறது. ஹோலோ மேயில் பிழையைச் சரிக்கட்டத் துணை ஏணி வைத்திருக்கிறார்கள், கரண்ட் சப்ளை தனிப் பெட்டியில். அளந்து பார்த்தாலும் சிறப்பாக நிற்கும் அபூர்வமான ஏணி டாக் அது.

ஆனால் மக்கள் 'ஏணி டாக்கின் இனிமை' என்று சொல்வதில் பெரும் பகுதி ஏணியிலிருந்து வருவதில்லை. இந்த வகை டாக்குகளை ஓவர்சாம்ப்ளிங் (சாம்பிள்களுக்கு நடுவில் கணக்கிட்ட புள்ளிகளைச் சேர்ப்பது) இல்லாமல், என்.ஓ.எஸ். முறையில் ஓட்டுவது வழக்கம். அப்படி ஓட்டினால் 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டில் 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபலும், 20-இல் 3.2 டெசிபலும் தானாகவே குறைந்துவிடும். அது கணிதம், தவிர்க்க முடியாது. மேல் ஸ்தாயி கொஞ்சம் அடங்கினால் பழைய பதிவுகளின் 'ஸ்' ஓசையும் ஜால்ராவின் கூச்சலும் தணியும். காதுக்கு இதமாக இருக்கும். அது உங்களுக்குப் பிடித்திருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அதே சரிவை ரூன் மாதிரி பிளேயர் மென்பொருளில் ஈக்வலைசர் போட்டு இன்று மாலையே கேட்டுப் பார்க்கலாம். பிடித்தால் அப்படியே விட்டுவிடுங்கள், பார்டோக்கை விற்க வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: பழைய ஏணிச் சிப் ஆசையில் சிலர் பிலிப்ஸின் 1985 காலத்து டி.டி.ஏ.1541 வைத்த பெட்டிகளைத் தேடுகிறார்கள். அதில் கிரீடக் குறி போட்ட தேர்வுச் சிப் என்று விற்பதில் போலி நிறைய.

சரி, காசு கேட்காத வேலைகளுக்கு வருவோம். பார்டோக்கின் மெனுவில் அவுட்புட் அளவு 0.2, 0.6, 2, 6 வோல்ட் என்று நான்கு இருக்கும். ஷோரூமில் கேட்டபோது 6-இல் இருந்திருந்தால் 'என்ன சக்தி!' என்று தோன்றியிருக்கும். வீட்டில் 6 வைத்தால் ஆம்ப்பின் வால்யூம் குமிழ் எட்டு, ஒன்பது மணி நிலையைத் தாண்டாது. சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் குமிழாக இருந்தால் அந்தக் கீழ்க்கோடியில் இடது வலது சேனல் சமமாக இருக்காது. பாடகரின் குரல் நடுவிலிருந்து விலகி நிற்பது பல வீடுகளில் இதனால்தான். சில ஆம்ப்களின் இன்புட் பகுதி 6 வோல்ட்டில் திணறவும் செய்யும். 2 வைத்துப் பாருங்கள்.

அடுத்தது ஹெட்ரூம். இன்றைய சினிமாப் பாடல்களும் ரீமாஸ்டர்களும் உச்ச எல்லையை முட்ட முட்ட உரக்கப் பதிவானவை. சாம்பிள்கள் எல்லைக்குள் இருந்தாலும், இரண்டு சாம்பிளுக்கு நடுவில் ஃபில்டர் வரையும் வளைவு எல்லையைத் தாண்டிவிடும். உள்ளே இடம் இல்லாத டாக் அங்கே கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும். பெஞ்ச்மார்க் நிறுவனம் இதற்காகவே தன் டாக்3-இல் 3.5 டெசிபல் இடம் விட்டு வடிவமைத்தது. மற்றவர்களுக்கு எளிய வழி, பிளேயர் மென்பொருளில் 3 டெசிபல் குறைத்துவிடுவது. 24 பிட் பாதையில் அந்த 3 டெசிபலால் இழப்பு ஏதும் இல்லை. ஃபில்டர்களை மாற்றி மாற்றிக் கேட்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம். வித்தியாசம் 20 கிலோஹெர்ட்ஸ் ஓரத்தில்தான், நாற்பதைக் கடந்த காதுகளில் பெரும்பாலானவை அந்த ஓரத்துக்குப் போவதே இல்லை.

நம் வீட்டுக் கரண்ட் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இரவில், பாட்டு எதுவும் ஓடாமல், வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்து ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோங்கள். சீரான மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் கேட்டால் சரி. 'ங்ங்' என்ற ஹம்மோ, லேப்டாப் மவுஸை நகர்த்தும்போது கீச்சொலியோ கேட்டால் அது கிரவுண்ட் லூப், பெட்டிகளின் எர்த் பாதைகள் சேர்ந்து உண்டாக்கும் வளையம். லேப்டாப்பின் யு.எஸ்.பி.யைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். நெட்வொர்க் கேபிளில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் சாதாரண ஈதர்நெட் இணைப்பிலேயே சின்ன டிரான்ஸ்பார்மர் இருந்து இரு பக்கத்தையும் பிரித்து வைக்கிறது. ஆக, யு.எஸ்.பி.யைக் கைவிட்டு நெட்வொர்க்கிலேயே கேட்பது உங்களுக்கு இலவச மேம்பாடு.

பிளக் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நல்ல எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் போனால் எர்த் குழியைக் கவனிக்க வேண்டும். கோடை முழுதும் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்து கிடக்கும் குழிகள் எத்தனையோ. ஹம் போக வேண்டும் என்பதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையைத் துண்டிக்கும் பழக்கம் இங்கே உண்டு. ஹம் போகும், கூடவே உயிரும் போகலாம். செய்யவே கூடாது. கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்றால், அது பியூர் சைன் வகையா என்று பாருங்கள். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரில் டொராய்டு டிரான்ஸ்பார்மர் பெட்டியிலேயே முனகும். ஆடியோ ஃபியூஸ், ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பவர் கார்டு இவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அறைக்கு ஒரு பத்தி. 15 அடி நீளத்தில் முதல் அறை அதிர்வு சுமார் 37.5 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்தில் சுமார் 47. பேஸ் கிட்டாரின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ், இரண்டுக்கும் நடுவில் வந்து மாட்டுகிறது. நம் வீடுகள் கான்கிரீட்டும் செங்கல்லும். பாஸ் சுவர் வழியாகக் கசிந்து போக இடமில்லாமல் உள்ளேயே முட்டி மோதுகிறது. இப்படிப்பட்ட அறையில் ஒரு சுரம் 10 டெசிபலுக்கு மேல் வீங்கி, பக்கத்துச் சுரம் பள்ளத்தில் விழுவது சர்வசாதாரணம். எண்பதுகளின் பாடல்களில் ஓடும் அந்த பேஸ் கிட்டார் வரிசை சில சுரங்களில் மட்டும் 'தம்' என்று வீங்கிக் கேட்டால் அதற்கு எந்த டாக்கும் மருந்தில்லை. மினிடி.எஸ்.பி.யின் யுமிக் மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ஆர்.இ.டபிள்யூ. மென்பொருளும் போதும், படம் போட்டுக் காட்டிவிடும். அதன்பின் நாற்காலியை இரண்டடி முன்னால் இழுப்பதா, மூலையில் தடிமனான ராக்வூல் வைப்பதா, பிளேயர் மென்பொருளில் அந்த வீக்கத்தைத் திருத்தும் கன்வல்யூஷன் ஃபில்டர் போடுவதா என்று முடிவு செய்யலாம். ஏபெக்ஸ் கொடுக்கும் 12 டெசிபல் 100 டெசிபலுக்கும் அடியில். இந்த 10 டெசிபல் நேராக இசைக்குள்ளேயே இருக்கிறது.

இவ்வளவையும் செய்த பிறகும் ஏபெக்ஸ் ஆசை இருந்தால், ஒப்பிடும் முறை இது. போர்டு மாற்றப் பெட்டி கையை விட்டுப் போய்விடும். திரும்பி வரும்போது பழைய ஒலி நினைவில் மட்டும்தான் இருக்கும். நினைவு நம்பத்தக்கதல்ல, அதுவும் பெரிய தொகை கட்டிய பிறகு. ஆகவே டீலரிடம் ஏபெக்ஸ் பார்டோக் ஒன்றை இரண்டு நாள் வீட்டுக்குக் கேளுங்கள். இந்த விலையில் அது நியாயமான கோரிக்கை. இரண்டையும் ஆம்ப்பின் இரண்டு இன்புட்டில் மாட்டுங்கள். 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரால் வோல்டேஜ் பாருங்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், விலை மலிவான மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டை அளக்கப் பிறந்தவை, மேலே போனால் தப்பாகக் காட்டும். ஒன்று 2.00 காட்டினால் மற்றது 1.98-க்கும் 2.02-க்கும் நடுவில் இருக்க வேண்டும், அதுதான் 0.1 டெசிபலுக்குள். இந்த வேலையைச் செய்யாமல் ஒப்பிட்டால், அரை டெசிபல் உரக்கக் கேட்கும் பெட்டியை 'தெளிவு, ஆழம், மேடை' என்றெல்லாம் காது புகழும். ஹோலோ மேயைக் கொண்டுவந்து ஒப்பிடுவதானால் இன்னும் மோசம்: அதன் பேலன்ஸ்டு அவுட்புட் சுமார் 5.8 வோல்ட், உங்களுடையதை 2-இல் வைத்திருந்தால் 9 டெசிபல் வித்தியாசம். எந்த ஷோரூமிலும் அதுதான் ஜெயிக்கும்.

பிறகு ரிமோட்டை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நாணயம் சுண்டிப் பார்த்து இன்புட்டை மாற்றச் சொல்லுங்கள். 16 தடவை, ஒவ்வொரு தடவையும் எது ஏபெக்ஸ் என்று எழுதுங்கள். 12 சரியாக வந்தால் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. சும்மா யூகித்தே 12 அல்லது அதற்கு மேல் வர நூற்றில் நான்கு வாய்ப்புக்கும் குறைவு. எட்டு, ஒன்பதுதான் வந்தது என்றால் பணத்தை அறைக்குத் திருப்புங்கள். ஒரே நாளில் 16-ஐயும் முடிக்க வேண்டாம், காது களைத்துவிடும்.

12 வந்துவிட்டால் தாராளமாகச் செய்யுங்கள், பார்டோக்கைப் பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இன்னும் நல்லது. பணம் கட்டுவதற்கு முன் டீலரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. போர்டு மாற்றம் இங்கேயே நடக்குமா, பெட்டி இங்கிலாந்து போய் வருமா? போய் வருவதானால், பழுதுபார்த்தல் அல்லது மேம்பாட்டுக்காக அனுப்பி மறு இறக்குமதி செய்வதற்கான சுங்க ஆவணங்களை யார் தயார் செய்வது? அனுப்பும்போதே சீரியல் எண்ணோடு காகிதம் சரியாக இல்லாவிட்டால், உங்கள் சொந்தப் பெட்டிக்கே திரும்பி வரும்போது முழு வரி கேட்பார்கள். வழியில் சேதமானால் இன்ஷூரன்ஸ் யார் பேரில்? மாற்றிய போர்டுக்கு வாரண்டி எத்தனை ஆண்டு, அது இந்திய டீலர் வழியாகச் செல்லுமா? திரும்பி வந்ததும் மென்பொருள் பதிப்பு, மேப்பர், 2 வோல்ட் எல்லாம் மறுபடி பழைய ஃபாக்டரி நிலைக்குப் போயிருக்கலாம். கேட்க உட்காருவதற்கு முன்னால் மெனுவைத் திறந்து அவற்றைத் திரும்ப வைத்துவிடுங்கள்.